சைனஸ் என்று சொல்லி வைத்தோம்

என் வீட்டுக்காரர் மண்டைக்குள் ரத்தக்குழாய்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடந்ததை ஊருக்குச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு அவரை மட்டும் யாரும் திட்டக் கூடாது. அவரைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான், அந்த வேலையை நான் இன்றுவரை குறையில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

அவர் தனியார் பஸ் டிரைவர். என் தம்பி அதே வண்டியில் கண்டக்டர். சிதம்பரம் – கடலூர் ரோட்டில் தனியார் பஸ் ஏறியவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஏறாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் நடுவில் சில நிமிஷம்தான் இருக்கும். ஸ்டாண்டில் டைம் கீப்பர் விசிலோடு நிற்பார். ஒரு நிமிஷம் பிந்தினால் பின்வண்டிக்காரன் சட்டையைப் பிடிப்பான், முந்தினால் முன்வண்டிக்காரன். இதற்கு நடுவில் ஓட்டுகிறவனுக்குக் காலும் கண்ணும் ஒரே நொடியில் வேலை செய்ய வேண்டும். அவருக்குச் செய்தது. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

வார லீவு நாள் ஒன்றில், காலையில் குளித்துவிட்டு வந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். “மண்டைக்குள்ள யாரோ சம்மட்டியால அடிச்ச மாதிரி இருக்குடி” என்றார். உடனே வாந்தி. இடது கை மரத்துப்போய்விட்டது என்று அதை வலது கையால் தூக்கிக் காட்டினார். நான் சிதம்பரம் மேலவீதி பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வேறு எங்கே போவேன்? ஆட்டோவில் போட்டு எங்கள் சென்டருக்கே கொண்டுபோனேன். தினமும் என்னோடு டீ குடிக்கிற டெக்னீஷியன் படம் எடுத்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். வருஷக்கணக்காக எத்தனையோ பேருக்கு ரிப்போர்ட் கவர் கொடுத்தவள் நான். படம் நன்றாக இருந்தால் அவர் ஏதாவது கிண்டல் பேசுவார் என்பது எனக்குத் தெரியும்.

மூளையில் ரத்தக் கசிவு. சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து வேகமாக வருகிற ரத்தம் மெல்லிய சின்னச் சின்னக் குழாய்கள் வழியாக வேகம் குறைந்துதான் திரும்பிப் போகும் குழாய்க்குள் இறங்க வேண்டுமாம். இவருக்கு ஒரு இடத்தில் நடுவில் அந்தச் சின்னக் குழாய்களே இல்லை. வேகமாக வருவதும் திரும்பிப் போவதும் நேராகச் சிக்கிக்கொண்டு ஒரு நூல்கண்டு மாதிரி கிடக்கிறது. பிறவியிலேயே இருந்திருக்கும், இப்போதுதான் கசிந்திருக்கிறது என்றார். இத்தனை வருஷமும் அதை வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் வளைவு வளைவாக ஓவர்டேக் பண்ணிக்கொண்டிருந்தார்.

இருக்கிற இடம் ஆழமானது, கத்தி வைப்பதைவிட ரேடியோ சர்ஜரி நல்லது என்றார்கள். தலையில் நாலு திருகாணி போட்டு ஒரு சட்டத்தை மாட்டி, கதிரை அந்த முடிச்சின் மேல் மட்டும் குறிவைத்துப் பாய்ச்சுவார்கள். காலையில் போனவர் சாயங்காலம் இட்லி சாப்பிட்டார். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தையல் கிடையாது, கட்டு கிடையாது, தலைமுடிகூட எடுக்கவில்லை.

போகும் முன்னால் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். “இதோட முடிஞ்சிதுன்னு நினைக்காதீங்க. கதிர் பட்ட குழாய் உடனே மூடாது. உள்சுவரு கொஞ்சம் கொஞ்சமா தடிச்சு, தானா அடைச்சுக்கணும். ரெண்டு வருஷம் ஆகலாம், மூணு வருஷம் ஆகலாம். சிலருக்கு முழுசா மூடாமலும் போகும். மூடற வரைக்கும் கசிவு வர்ற அபாயம் அப்படியேதான் இருக்கு. அதனால பஸ் ஓட்டக் கூடாது.”

“மூடிடுச்சுன்னு எப்படி டாக்டர் தெரியும்?” என்றேன் நான்.

“வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எடுப்போம். கடைசியில ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும்.”

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “மூடிட்டா ஓட்டலாமில்ல?”

“மூடட்டும், அப்புறம் பேசலாம்” என்றார் டாக்டரம்மா.

திரும்பி வருகிற வழியில்தான் என் மூளை வேலை செய்தது. பஸ் முதலாளி காதில் ‘மூளை’ என்கிற வார்த்தை ஒரு தடவை விழுந்தால் போதும், மூன்று வருஷம் கழித்து என்ன, முப்பது வருஷம் கழித்தும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார். எங்கள் கீரப்பாளையத்து ஜனங்களோ மண்டையில் கோளாறு என்றால் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். “சைனஸ்னு சொல்லிடலாங்க. மூக்குக்கு மேல, மூளைக்குக் கிட்டக்க நீர் கோத்துகிச்சு, சென்னையில ஆபரேஷன், கொஞ்ச நாளைக்கு தூசியில போவக் கூடாதுன்னு சொல்லிடலாம்” என்றேன். அவர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். “உன் மூளைக்கு ஒண்ணும் ஆவல” என்றார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு இரண்டரை வருஷம் தாங்கியது.

திருகாணி போட்ட இடத்தில் நெற்றியில் இரண்டு புள்ளி இருந்தது. அது ஆறும்வரை அகலமாக விபூதி பூசிக்கொண்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் பக்தி வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தம்பியிடம்கூட நாங்கள் சொல்லவில்லை. அவன் வாய் ஓட்டைவாய், சொன்னால் டிக்கெட்டோடு சேர்த்து எல்லோருக்கும் கிழித்துக் கொடுப்பான் என்று நான்தான் சொன்னேன்.

கடலூர் முதுநகரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பில் எழுதுகிற வேலை கிடைத்தது. தினமும் தான் ஓட்டிய லைனிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்வந்தார். எட்டாவது மாசம் தலைவலி வந்தது, இடது கை ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். போச்சுடா என்று சென்னைக்கு ஓடினோம். கதிர் பட்ட இடத்தைச் சுற்றி வீக்கம், இப்படிச் சிலருக்கு வரும் என்று மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் மெல்ல வடிந்தது. ஆனால் அந்த மாத்திரையில் முகம் உப்பி, கன்னம் இரண்டும் பூரி மாதிரி ஆகிவிட்டன. “மூக்கு சரியானதும் மாமா எப்படி மினுமினுன்னு ஆயிட்டாரு பாரு” என்றான் தம்பி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.

அந்த வருஷங்களை எப்படிச் சொல்வது? அவர் தும்மினால் நான் எழுந்து உட்காருவேன். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று சட்டம் போட்டேன். போனை மூன்று ரிங்குக்குள் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு வீட்டில் ரணகளம்தான். “கொழா வெடிச்சி சாவறதுக்கு முன்னாடி உன் வாயாலதான் சாவப்போறேன்” என்பார். இரண்டாம் வருஷ எம்.ஆர்.ஐ.யில் முடிச்சு நன்றாகச் சுருங்கியிருந்தது, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த ரிப்போர்ட்டை நான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். நான் மிச்சம் என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சுருங்கியது என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

என் தங்கை பெண்ணாடத்தில் டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணினாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“அக்கா, நேத்து கடலூர்லேருந்து மாமா வண்டியிலதான் வந்தேன். டிக்கெட்டே எடுக்க வுடல. பறந்துகினு வந்துட்டாருக்கா! சைனஸு சுத்தமா நல்லா ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு” என்று சொல்லி போனை வைத்தேன்.

மெல்ல விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. தம்பி அப்போது கடலூர் – பெண்ணாடம் வண்டிக்கு மாறியிருந்தான். அந்த வண்டியின் டிரைவருக்குச் சனிக்கிழமைதோறும் லீவு வேண்டும். அந்த ஒரு நாளுக்கு மாற்று ஆளாகப் போவதை ஆக்டிங் என்பார்கள். மூக்கு சரியாகிவிட்ட மாமா வீணாக பில் எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று தம்பிதான் பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறான். நாலு மாசமாக நடக்கிறது. என்னிடம் சனிக்கிழமை ஆபீசில் லோடு அதிகம் என்று சொல்லியிருந்தார்.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? சைனஸ் வந்தவன் பஸ் ஓட்டினால் என்ன?

சாயங்காலம் அவர் வெளியே போய்விட்டு வந்ததும் கேட்டேன். “நேத்து ஆபீசுல வேலை ஜாஸ்தியா?”

“ஜாஸ்திதான். இடுப்பு வுட்டுப்போச்சு” என்றார், என் முகத்தைப் பார்த்தே.

மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிற நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பார் ஊற்றினேன். சண்டை போட்டால் சத்தியம் பண்ணுவார், பண்ணிவிட்டு மறுபடியும் போவார். முதலாளியிடம் சொன்னால் இவர் வாழ்நாளில் ஸ்டியரிங் தொட முடியாது. சொல்லாவிட்டாலோ, அந்த மிச்சம் எந்த வளைவில் கசியுமோ, அந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்களோ. ஒரு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பிப் போனதும், இரண்டாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, “வா பாப்பா, அப்பாவோட பஸ்ல போலாம்” என்று கூட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டில் பெண்ணாடம் வண்டி முக்கால்வாசி நிரம்பி நின்றது. “வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், பெண்ணாடம்!” என்று கத்திக்கொண்டிருந்த தம்பி எங்களைப் பார்த்ததும், “அக்கா! இன்னாக்கா சொல்லாம கொள்ளாம?” என்றான். தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். டிரைவருக்கு இடப்பக்கம், முன்கண்ணாடியை ஒட்டிய சீட் காலியாக இருந்தது. அதில் பாப்பாவை உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன்.

அவர் டீக்கடையிலிருந்து வந்து, தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அப்பா!” என்றாள் பாப்பா.

அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

“என்ன பாக்கறீங்க?” என்றேன். “எடுங்க வண்டிய. டைம் ஆவுதில்ல?”

டைம் கீப்பர் விசில் அடித்தார். பின்வண்டி ஹாரன் அடித்தது. அவர் கியரைப் போட்டார். வண்டி நாலடி நகர்ந்தது. நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கி, டீக்கடை ஓரமாகப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டிக்குள் ஒரே கூச்சல். தம்பி ஓடிப்போய், “மாமா, இன்னா ஆச்சு? டைம் போவுது மாமா” என்று கெஞ்சினான். அவர் திரும்பவே இல்லை. என்னிடம் ஓடி வந்தான். “அக்கா, நீயாவது சொல்லேன்!”

மெல்லச் சொல்லியிருக்கலாம். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் அடக்கி வைத்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. “அவரால ஓட்ட முடியாதுடா! அவருக்கு வந்தது சைனஸு இல்ல. மண்டைக்குள்ள ரத்தக்கொழா கசிஞ்சி ஆஸ்பத்திரியில கெடந்தவரு. அது இன்னும் மூடல. ஓட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க!”

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்தான் முதலில் எழுந்து இறங்கினாள். அப்புறம் எல்லோரும் இறங்கினார்கள். கடைசியில் இறங்கிய ஒரு பெரியவர் என் பக்கத்தில் நின்று, பாப்பாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏம்மா, இவ்ளோ தெரிஞ்சவ உன் புள்ளைய எப்படிம்மா ஏத்தின?”

“உங்க வேலையப் பாத்துகிட்டுப் போங்க” என்றேன்.

தம்பி அழுதுவிட்டான். “போன வாரம் கல்யாணத்துக்குப் போற கூட்டம்கா. நிக்க எடமில்லாம ஏத்தினேன். எங்கிட்டகூட சொல்லலியேக்கா” என்றான். அன்றிலிருந்து பல மாசம் அவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சேதி சாயங்காலத்துக்குள் சிதம்பரம் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த ‘மூளை’ என்கிற வார்த்தை முதலாளி காதில் விழக் கூடாது என்று இரண்டரை வருஷம் பொத்தி வைத்தேனோ அதை நானே ஸ்டாண்டு நடுவில் நின்று கூவி விற்றிருந்தேன். அவர் என்னோடு பேசுவதை விட்டார். பாப்பாவை நடுவில் வைத்து, “அம்மாகிட்ட சோறு போடச் சொல்லு” என்பார். “இருக்கறத தின்னச் சொல்லு” என்பேன் நான்.

மூன்றாம் வருஷம் ஆஞ்சியோகிராமுக்குச் சென்னை போனோம். தொடை இடுக்கு வழியாகக் கம்பி மாதிரி மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைவரை மருந்து விட்டுப் படம் எடுப்பார்கள். முடிந்த பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் நீட்டிப் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குத்திய இடத்தில் ரத்தம் கொட்டும். எழுந்து போக முடியாமல் அவரும், விட்டுவிட்டுப் போக முடியாமல் நானும் ஒரு அறையில் இருந்தோம்.

டாக்டரம்மா வந்தார். “முழுசா மூடிடுச்சு” என்றார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நூல்கண்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

டாக்டரம்மா போனதும் அவர் மேலே பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்ப அன்னிக்கி ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அது அன்னிக்கி உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்புறம்?”

“இனிமே எவன் எனக்கு பஸ்ஸு குடுப்பான்? டாக்டரு சீட்ட ஃப்ரேம் போட்டு ஸ்டாண்டுல மாட்டுனாலும் குடுக்க மாட்டான். நீதான் ஊரக் கூட்டி சொல்லிட்டியே.”

“ஆமாம், சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லுவேன்.”

அவர் காலை அசைக்கப் போனார், நான் முட்டியை அழுத்திப் பிடித்தேன். என் கை மேல் கை வைத்தார். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

“நாலு மாசம் வண்டி கொள்ளாத சனத்த ஏத்திகினு போனேன். ஒரு நாளும் காலு நடுங்கல. பாப்பா அப்பான்னு கூப்புட்டா பாரு, கிளட்ச்சுல வச்ச காலு நடுங்குச்சு. அதுங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதான? அத நெனச்சா இப்பல்லாம் எனக்குத் தூக்கமே வர்றதில்ல.” கண் ஓரமாக வழிந்ததைத் துடைக்காமல் விட்டார். “ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நான் எறங்காம வண்டிய எடுத்திருந்தா, நீ பாப்பாவ எறக்கியிருப்பல்ல?”

“எறக்காம? எனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?” என்றேன்.

“அதான” என்று கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

நான் சொன்னது பொய். அன்று வண்டி நாலடி நகர்ந்ததே, அந்த நாலடிக்குள் நான் எழுந்திருக்கவில்லை. நிறுத்துங்கள் என்று கத்தவில்லை. பாப்பாவின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரில் யார் ஜெயிக்கிறோம் பார்க்கலாம் என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.